டிரெய்லர் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ்: சஸ்பென்ஷன் தேர்வை எங்கிருந்து தொடங்குவது?

டிரெய்லரை மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்குகிறது, முன்பக்கம் மூக்கைத் தூக்குகிறது. இதைப் பார்த்ததும் பெரும்பாலானோர் நேராகக் கடைக்குப் போய், “பின்னால் கெட்டியான ஸ்பிரிங் போட்டுக் கொடுங்கள்” என்று கேட்கிறார்கள். கடைக்காரரும் போட்டுக் கொடுத்துவிடுகிறார். வண்டி நிமிர்ந்து நிற்கிறது. டிரெய்லரைக் கழற்றிவிட்டு வெறும் வண்டியை ஓட்டும்போதுதான் சிக்கல் தெரிகிறது. சின்ன மேட்டுக்கும் பின்பக்கம் எகிறுகிறது. ஈரமான வளைவில் பின்சக்கரங்களின் பிடிமானம் குறைகிறது. பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கு முதுகு வலி. சரி, டிரெய்லர் மாட்டியிருக்கும்போதாவது எல்லாம் ஒழுங்காகிவிட்டதா என்றால், அதுவும் முழுதாக இல்லை. வண்டி பார்வைக்குச் சமமட்டமாக நின்றாலும் ஸ்டியரிங் முன்போலவே லேசாகத்தான் இருக்கிறது.

ஆகவே ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எடையைப் பற்றிப் பேச வேண்டும். எவ்வளவு எடை, அது எந்த அச்சின் மேல் இறங்குகிறது, எப்போதும் இருக்கிறதா அல்லது எப்போதாவது வந்துபோகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் சஸ்பென்ஷன் தேர்வில் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

சஸ்பென்ஷன் என்பது ஒரே பொருள் அல்ல. அதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் அமுங்கி விரிவதால் வரும் ஆட்டத்தை அடக்குகிறது. பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது என்பதற்காகச் சாதாரண ஷாக் அப்சார்பரை மாற்றுவதில் பயனில்லை. வண்டி மேடு பள்ளத்தில் ஊஞ்சலாடுகிறது என்பதற்காக ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியாக்குவதும் தவறு.

குண்டின் மேல் இறங்கும் எடை

டிரெய்லர், இழுக்கும் வண்டியின் பின்னால் உள்ள இணைப்புக் குண்டின் (டோ பால் என்கிற உருண்டையான உலோகத் தலை) மேல் உட்காருகிறது. டிரெய்லரின் எடையில் பெரும்பகுதியை அதன் சொந்தச் சக்கரங்களே சுமக்கின்றன. ஒரு பங்கு மட்டும் குண்டின் மேல் கீழ்நோக்கி இறங்குகிறது. கனமான டிரெய்லர்களில் இது மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது வழக்கம். நாட்டுக்கு நாடு, டிரெய்லருக்கு டிரெய்லர் இது கூடும், குறையும். மிகவும் குறைந்தால் டிரெய்லர் வால்போல ஆடத் தொடங்கும். மிகவும் கூடினால் வண்டியின் பின்அச்சு திணறும்.

2,500 கிலோ டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குண்டின் மேல் 250 கிலோ. “250 கிலோதானே, பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் அவ்வளவுதானே” என்று தோன்றும். ஆனால் மூன்று பேரும் பின்அச்சுக்கு முன்னால் உட்காருகிறார்கள்; குண்டோ பின்அச்சுக்கு வெகு பின்னால் இருக்கிறது. சீசாப் பலகையின் ஒரு நுனியில் உட்கார்ந்தால் மறுநுனி எழும்புகிறதல்லவா, அதே கணக்குதான் இங்கேயும். பின்அச்சுதான் நடுக்கட்டை.

முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே 2.8 மீட்டர், பின்அச்சிலிருந்து குண்டு வரை 1.3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 250-ஐ 1.3-ஆல் பெருக்கி 2.8-ஆல் வகுத்தால் 116 வரும். அதாவது முன்அச்சிலிருந்து 116 கிலோ குறைகிறது. அந்த 116 கிலோவும் பின்அச்சுக்கே போய்ச் சேர்கிறது. குண்டின் மேல் வைத்தது 250 கிலோ. பின்அச்சின் மேல் ஏறியது 366 கிலோ.

இந்த எண்களை ஸ்பிரிங்குக்குக் கொண்டுபோவோம். பின்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் அமுங்கும் ரகம் என்றால், இரண்டும் சேர்ந்து 366 கிலோவுக்குச் சுமார் 3.7 செ.மீ. தாழும். முன்பக்கம் ஒவ்வொன்றும் சென்டிமீட்டருக்கு 40 கிலோ என்றால் சுமார் 1.5 செ.மீ. எழும்பும். பின்அச்சைத் தாண்டி நிற்கும் குண்டு இன்னும் கூடுதலாக இறங்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 6 செ.மீ. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது இந்த 6 செ.மீ. தான்.

2.8 மீட்டர் நீளத்தில் 5.2 செ.மீ. (3.7 + 1.5) சாய்வு என்பது கிட்டத்தட்ட 1.9 சதவீதம். பல வண்டிகளில் ஹெட்லைட்டின் தாழ்ந்த ஒளி சுமார் 1 சதவீதம் கீழ்நோக்கிச் சரிசெய்யப்பட்டிருக்கும். பின்பக்கம் இப்படி அமுங்கினால் அந்த ஒளி மட்டக்கோட்டுக்கு மேலே ஏறி, எதிரே வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். இரவில் டிரெய்லர் வண்டிகளைப் பார்த்து எதிர்வண்டிக்காரர்கள் விளக்கை அடித்துக் காட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ஓட்டுநர் உயர்ந்த ஒளி போட்டிருக்கவே மாட்டார்.

கெட்டியான ஸ்பிரிங் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

இப்போது அந்தக் கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டுப் பார்ப்போம். பின்பக்க ஸ்பிரிங்குகளை ஒன்றரை மடங்கு கெட்டியாக்கி, சென்டிமீட்டருக்கு 75 கிலோ ஆக்குகிறோம். 366 கிலோவுக்கு இப்போது 2.4 செ.மீ. தாழும். முன்பு 3.7. இவ்வளவு கெட்டியாக்கியும் மிச்சமானது ஒன்றேகால் சென்டிமீட்டர்தான்.

அப்படியானால் கடையில் மாற்றிய வண்டி மட்டமாக நிற்பது எப்படி? ஸ்பிரிங் கெட்டியாக மட்டும் இல்லை, உயரமாகவும் இருக்கிறது. சுமையில்லாதபோதே பின்பக்கத்தை மேலே தூக்கி நிறுத்திவிடுகிறது. சுமை ஏறியதும் இறங்கி மட்டத்துக்கு வருகிறது. சுமை இல்லாத நாட்களில் வண்டி முன்பக்கம் குனிந்து நிற்பதற்கு இதுவே காரணம். வருடத்தில் ஓரிரு முறை டிரெய்லர் இழுப்பதற்காக மீதி நாட்களெல்லாம் வண்டியைக் குனியவைத்து ஓட்டுவது சரியான பேரமா என்று ஒவ்வொருவரும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட முக்கியமான விஷயம், முன்அச்சு இழந்த 116 கிலோ. பின்னால் எவ்வளவு கெட்டியான ஸ்பிரிங் போட்டாலும் அது திரும்பி வராது. வண்டி மட்டமாக நிற்பது வேறு, எடை சரியாகப் பிரிந்திருப்பது வேறு. ஸ்டியரிங் முன்சக்கரத்தில் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலையைச் செய்வதும் முன்சக்கரங்களே. அவற்றின் மேலிருந்து எடையைக் கழித்துவிட்டு, பின்பக்கத்தை மட்டும் நிமிர்த்திவைத்தால், கண்ணுக்குத்தான் ஆறுதல்.

முன்அச்சுக்கு எடையைத் திருப்பித் தருவது ஸ்பிரிங் அல்ல, எடைப் பகிர்வு இணைப்பு என்கிற கருவி. குண்டின் இருபுறமும் இரண்டு எஃகுக் கம்பிகள் டிரெய்லரின் சட்டத்தை நோக்கி நீண்டிருக்கும். அவற்றைச் சங்கிலியாலோ தாங்கியாலோ மேலே இழுத்து மாட்டுவார்கள். வளைந்து நிற்கும் அந்தக் கம்பிகள் இணைப்பை மேல்நோக்கி நிமிர்த்தப் பார்க்கும். அதனால் பின்அச்சின் மேலிருந்த சுமையில் ஒரு பகுதி முன்அச்சுக்கும் இன்னொரு பகுதி டிரெய்லரின் அச்சுக்கும் போகிறது. முன்அச்சு இழந்ததில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை வண்டியின் கையேட்டில் பார்க்க வேண்டும். முழுவதையும் திருப்ப வேண்டாம், பாதி போதும் என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. சில வண்டிகளிலும், சில டிரெய்லர்களிலும், சில வகை இணைப்புகளிலும் இந்தக் கருவியே கூடாது. கரடுமுரடான பாதையில், குறிப்பாக ஆழமான ஓடைகளைக் கடக்கும்போது, அந்தக் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். வண்டியும் டிரெய்லரும் எதிரெதிர்த் திசையில் மடங்கும்போது கம்பிகளும் சட்டமும் தாங்காத அளவுக்கு விசை ஏறும்.

நிரந்தர எடை, வந்துபோகும் எடை

ஸ்பிரிங் வாங்கும்போது உற்பத்தியாளர்கள் சுமை அளவு ஒன்று குறித்திருப்பார்கள்: கூடுதல் 200 கிலோ, கூடுதல் 400 கிலோ என்பதுபோல. புதிதாக வாங்குபவர்கள் பலர் இதை “இவ்வளவு வரை தாங்கும்” என்று படிக்கிறார்கள். பல பட்டியல்களில் அதன் அர்த்தம், “இவ்வளவு எடை எப்போதும் இருந்தால்தான் இந்த ஸ்பிரிங் சரியாக வேலை செய்யும்” என்பது. 400 கிலோ ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் அது அமுங்கவே அமுங்காது. அமுங்காத ஸ்பிரிங்குக்குக் கீழே இறங்கும் பள்ளத்தில் விரிய இடமில்லை. சக்கரம் தரையைவிட்டுத் தூக்கிக்கொள்ளும்.

ஆகவே ஒரு தாளை எடுத்து, வண்டியில் எப்போதும் ஏறியே இருக்கும் பொருட்களை எழுதுங்கள். முன்பக்கம் எஃகு பம்பர், வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி); கூரையில் ராக்; பின்னால் இழுப்பறைகள், இரண்டாவது பேட்டரி, கூடுதல் டீசல் டேங்க். டீசல் ஒரு லிட்டர் ஏறக்குறைய 0.84 கிலோ, 100 லிட்டர் டேங்க் நிறைந்தால் 84 கிலோ. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது முன்அச்சுக்கு அருகிலா பின்அச்சுக்கு அருகிலா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எஃகு பம்பரும் வின்ச்சும் முன்அச்சுக்கு முன்னால் தொங்குகின்றன. அதே சீசாக் கணக்கில் அவை முன்ஸ்பிரிங்கின் மேல் தங்கள் எடையைவிட அதிகமாகவே இறங்கும். பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முன்ஸ்பிரிங்கை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

டிரெய்லர், பயணிகள், வார இறுதிச் சாமான்கள் எல்லாம் வந்துபோகும் எடை. இவற்றைத் தாளின் இன்னொரு பக்கத்தில் எழுதுங்கள்.

ஸ்பிரிங்கை நிரந்தர எடைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்துபோகும் எடைக்கு, வந்துபோகும் உதவி வேண்டும். இதுவே என் கருத்து. டிரெய்லர் இழுக்கும் பெரும்பாலான வண்டிகளுக்கு இது பொருந்துகிறது.

வருடத்தில் சில முறை மட்டும் நடுத்தர டிரெய்லர் இழுக்கிற, மற்றபடி வெறும் வண்டியாகவே ஓடுகிற ஒருவருக்குத் தயாரிப்பாளர் கொடுத்த ஸ்பிரிங்கே போதும். எடைப் பகிர்வு இணைப்பும், காயில் (சுருள்) ஸ்பிரிங் உள்ள வண்டியாக இருந்தால் அந்தச் சுருளுக்குள் காற்றை ஏற்றி இறக்கும் ஒரு காற்றுப்பையும், நல்ல நிலையில் உள்ள ஷாக் அப்சார்பர்களும் இருந்தால் அவர் நிம்மதியாகப் போய்வரலாம். இழுப்பறைகளும் டேங்கும் எப்போதும் வண்டியிலேயே இருக்கிற, அடிக்கடி டிரெய்லரும் இழுக்கிற ஒருவர் நிரந்தர எடையைக் கூட்டிப் பார்த்து, அதற்கேற்ற நடுத்தர ஸ்பிரிங்கையும் அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிக்அப்பின் பின்னால் கூண்டு கட்டி, கருவிகளும் உதிரிப் பாகங்களுமாக எப்போதும் முழுச் சுமையோடு ஓட்டி, அதன்மேல் 3 டன் டிரெய்லரும் இழுப்பவருக்குக் கனமான ஸ்பிரிங் உண்மையிலேயே தேவை. ஆனால் அவருக்கு அதைவிட முதலில் தேவைப்படுவது எடை மேடை. வண்டியின் அனுமதி வரம்பை அவர் ஏற்கெனவே தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

எந்த ஸ்பிரிங், எந்த வண்டியில்

டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் போன்ற பிக்அப்களின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் இருக்கும்: எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டு. மேலே உள்ள பட்டைகள் எப்போதும் வேலை செய்யும். அடியில் உள்ள தடிமனான பட்டை சுமை ஏறி மற்றவை அமுங்கிய பிறகே சேர்ந்துகொள்ளும். அதனால் லீஃப் ஸ்பிரிங்குக்குள்ளேயே ஓரளவுக்கு “சுமைக்கேற்ற கெட்டித்தனம்” அமைந்துவிடுகிறது. பட்டைகள் உரசும் உராய்வு ஆட்டத்தையும் கொஞ்சம் அடக்குகிறது. ஆனால் சின்னச் சின்ன அதிர்வுகளைக் கடத்தவும் செய்கிறது. இருக்கிற கட்டில் ஒரே ஒரு பட்டையைச் சேர்த்துவிடும் மலிவான வழியை எனக்குப் பிடிக்காது. பழைய பட்டைகள் களைத்துப்போயிருக்கும். புதிய பட்டை மட்டும் விறைப்பாக நின்று சுமையைத் தனியாக வாங்கிக்கொள்ளும். மாற்றுவதென்றால் முழுக் கட்டையும் மாற்றுவது நல்லது.

ஃபார்ச்சூனர், பஜேரோ ஸ்போர்ட் போன்றவற்றில் பின்னால் காயில் ஸ்பிரிங். இதில் ஒரே சீராகக் கெட்டியாக இருக்கும் ரகமும், அமுங்க அமுங்கக் கெட்டியாகும் ரகமும் உண்டு. சுருள்களின் இடைவெளி ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது ரகம். எப்போதாவது டிரெய்லர் இழுப்பவர்களுக்கு அது ஒத்துவரும். எப்போதும் ஒரே கனத்தோடு ஓடும் வண்டிக்குச் சீரான ரகமே போதும்.

பின்பக்கம் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பின்பக்கம் அமுங்கும்போது சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும். டயரின் உள்விளிம்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோவதை அங்கேதான் பார்க்கலாம். நேரான திட அச்சில் இந்தத் தொல்லை இல்லை.

காற்றுப்பை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதிகம் விற்பனையாவதும், அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் அதுதான். காயில் ஸ்பிரிங்குக்குள் வைக்கும் பையில் காற்றை ஏற்றினால் பின்பக்கம் எழும்பும். டிரெய்லரைக் கழற்றியதும் காற்றை இறக்கிவிடலாம். வந்துபோகும் எடைக்கு வந்துபோகும் உதவி என்று மேலே சொன்னதற்கு இதுவே பொருத்தமான உதாரணம். காற்றை முழுதாக வெளியேற்றாமல், பையுடன் வந்த தாளில் உள்ள குறைந்தபட்ச அழுத்தத்தை எப்போதும் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பை மடங்கிச் சுருளுக்கிடையில் சிக்கிக் கிழியும்.

லீஃப் ஸ்பிரிங் பிக்அப்பில் கதை வேறு. அங்கே சேஸின் (வண்டியின் அடிச்சட்டம்) எடை, கட்டின் முன்நுனி, பின்நுனி என்று இரண்டு இடங்களில் இறங்குகிறது. இரண்டும் அச்சிலிருந்து தள்ளி இருக்கின்றன. காற்றுப்பையை அச்சுக்கு நேர்மேலே வைத்து நிரப்பினால், அந்த எடையில் பெரும்பகுதி சேஸின் ஒரே புள்ளியில் குவிந்துவிடுகிறது. அந்தப் புள்ளிக்கு வெகு பின்னால் 300 கிலோ குண்டுச் சுமை தொங்குகிறது. குண்டும் குழியுமான பாதையில் ஒவ்வொரு குலுக்கலிலும் சேஸின் பின்பகுதி அந்தப் புள்ளியில் வளையப் பார்க்கும். நான்கு கதவு பிக்அப்களில் சேஸ் வளைந்து, பின்தொட்டிக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலே அகன்றும் கீழே குறுகியும் நிற்பதைக் காணலாம். காற்றுப்பை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அதிகச் சுமையும் நீண்ட பின்நீட்சியும் வேகமும் சேர்ந்துதான் அது நடக்கிறது. ஆனால் லீஃப் ஸ்பிரிங் உள்ள கனமான பிக்அப்பில் காற்றுப்பையை நான் முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன்.

தானாகவே மட்டத்தைச் சரிசெய்யும் ஏற்பாடுகளும் உண்டு. 1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரின் பின்அச்சில் போகே நிறுவனத்தின் மட்டச்சீராக்கி ஒன்று இருந்தது. வண்டி ஓடும்போது ஏற்படும் அசைவையே பயன்படுத்தித் தன் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு பின்பக்கத்தை நிமிர்த்தும். மென்மையான நீண்ட காயில் ஸ்பிரிங்கும் வேண்டும், சுமையையும் தாங்க வேண்டும் என்ற முரணை அது அழகாகத் தீர்த்தது. அதே கொள்கையில் இயங்கும் நிவோமாட் வகை ஷாக் அப்சார்பர்கள் இன்றைக்கும் சில வண்டிகளில் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. உங்கள் வண்டியில் அது இருந்தால், சாதாரண ஷாக் அப்சார்பரை மட்டும் போட்டு மாற்றிவிடாதீர்கள். எடையில் ஒரு பங்கை அதுவே சுமந்துகொண்டிருக்கிறது, எடுத்துவிட்டால் பின்பக்கம் விழுந்துவிடும்.

ஷாக் அப்சார்பர்: எண்ணெயும் சூடும்

கெட்டியான ஸ்பிரிங் அமுங்கும்போது அதிக ஆற்றலைச் சேமிக்கிறது. விரியும்போது அத்தனையையும் திருப்பித் தள்ளுகிறது. தொழிற்சாலை ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டது; புதிய ஸ்பிரிங்கின் துள்ளலை அதனால் அடக்க முடியாது. ஸ்பிரிங்கை மாற்றினால் ஷாக் அப்சார்பரையும் அதற்குப் பொருத்தமாக மாற்றுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான், வியாபாரம் மட்டுமல்ல.

டிரெய்லர் மாட்டிய வண்டியில் மேடு ஒன்றைக் கடந்தபின் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பின்பக்கம் தாழும், முன்பக்கம் எழும், பிறகு தலைகீழாக. டிரெய்லரும் தன் பங்குக்குக் குண்டை மேலும் கீழுமாக உந்துகிறது. ஒரு முறை தாழ்ந்து எழுந்து உடனே அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஊஞ்சலாடினால், ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது அல்லது ஸ்பிரிங்குக்குப் போதவில்லை என்று பொருள்.

ஷாக் அப்சார்பர் அடக்குகிற ஒவ்வொரு ஆட்டமும் அதற்குள் இருக்கும் எண்ணெயில் சூடாக மாறுகிறது. வரிவரியாக மேடு விழுந்த மண்பாதையில் மணிக்கணக்கில் ஓடினால், கைவைக்க முடியாத அளவுக்கு அது சுடும். சூடான எண்ணெய் நீர்த்துப்போகும். வாயு கலந்து நுரைத்தால் பிஸ்டனுக்கு எதிர்ப்பே இருக்காது. ஒற்றைக் குழாய் வகையில் வாயுவையும் எண்ணெயையும் ஒரு பிஸ்டன் பிரித்துவைக்கிறது, சூடும் வெளிச்சுவர் வழியாக நேராக வெளியேறுகிறது. ஆனால் வெளிக்குழாயில் கல்பட்டு நசுங்கினால் பிஸ்டன் சிக்கிவிடும். இரட்டைக் குழாய் வகை அடியைத் தாங்கும், ஆனால் சூட்டை மெதுவாகவே விடும். தார்ச்சாலையில் டிரெய்லர் இழுப்பவருக்கு இரண்டில் எது தரமாக இருந்தாலும் போதும். நீண்ட மண்பாதைப் பயணம் செய்பவர், விட்டம் பெரிதாக, எண்ணெய் அதிகம் பிடிக்கிற ரகத்தைத் தேடலாம். தனிக்குடுவை வைத்த விலையுயர்ந்த ரகங்கள் பெரும்பாலான குடும்ப வண்டிகளுக்குத் தேவையில்லை.

வண்டியை உயர்த்துவது பற்றி

சஸ்பென்ஷன் மாற்றுவது என்றாலே 5 செ.மீ. உயர்த்துவது என்று பலர் நினைக்கிறார்கள். டிரெய்லர் இழுப்பதற்கு உயரம் உதவுவதில்லை. ஈர்ப்பு மையம் மேலே போகிறது. முன்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் மூட்டுகள் அதிகக் கோணத்தில் சுழன்று தேய்கின்றன. குண்டும் உயர்ந்துவிடுவதால் டிரெய்லர் மூக்கைத் தூக்கி நிற்கிறது. டிரெய்லர் மட்டமாகவோ, இம்மி அளவு முன்னால் குனிந்தோ இருக்க வேண்டும். இரண்டு அச்சு டிரெய்லர் மூக்கைத் தூக்கினால் அதன் பின்அச்சின் மேல் எடை அதிகமாகச் சாயும். உயர்த்தியே ஆகவேண்டும் என்றால், தாழ்வான குண்டுத் தாங்கியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டின் விதி எத்தனை செ.மீ. வரை அனுமதிக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தகட்டில் எழுதியிருக்கும் வரம்பு

எந்த ஸ்பிரிங் போட்டாலும் வண்டியின் தகட்டில் எழுதியிருக்கும் வரம்புகள் தானாக உயர்ந்துவிடாது. வண்டியின் மொத்த எடை, ஒவ்வொரு அச்சின் எடை, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடை, குண்டின் மேல் எடை: நான்கும் தனித்தனி வரம்புகள், நான்கையும் ஒரே சமயத்தில் கடைப்பிடிக்க வேண்டும். பிரேக், சக்கரத் தாங்கி, அச்சு, சேஸ் எல்லாம் அந்த எண்களுக்காகவே செய்யப்பட்டவை. சில நாடுகளில் அங்கீகாரம் பெற்ற முழுத் தொகுப்பைப் பொருத்திச் சான்றிதழுடன் மொத்த எடை வரம்பைச் சட்டப்படி உயர்த்திக்கொள்ளலாம். அது ஸ்பிரிங் மட்டும் மாற்றுவதிலிருந்து வேறுபட்ட காரியம்.

விளம்பரத்தில் “3,500 கிலோ இழுக்கும்” என்று இருக்கும். ஒரு கற்பனை வண்டியைப் பார்ப்போம். வெறும் எடை 2,200 கிலோ, அனுமதித்த மொத்த எடை 3,100, டிரெய்லருடன் சேர்ந்து 6,000. வண்டியில் ஏற்றக்கூடியது 900 கிலோ. 3,500 கிலோ டிரெய்லரின் குண்டுச் சுமை 350 கிலோவும் வண்டியின் சுமையில்தான் சேரும். நான்கு பேர் 300 கிலோ, பம்பரும் வின்ச்சும் 100 கிலோ என்றால் மிஞ்சுவது 150. அதிலும் ஒரு பொறி இருக்கிறது: குண்டுச் சுமையும் சேர்ந்து வண்டி 3,100 கிலோ நிறைந்திருந்தால் டிரெய்லரின் சக்கரங்களின் மேல் 2,900 கிலோவுக்கு மேல் இறங்கக்கூடாது, ஏனென்றால் இரண்டும் சேர்ந்து 6,000-ஐத் தாண்டக்கூடாது. இன்னும் ஒன்று: முன்பு பார்த்த அதே நீளங்களோடு 350 கிலோ குண்டுச் சுமை பின்அச்சில் 512 கிலோவாக இறங்கும். மொத்த எடைக்குள் இருந்துகொண்டே பின்அச்சு வரம்பை மட்டும் தாண்டுவது இப்படித்தான் நடக்கிறது.

டிரெய்லர் பக்கவாட்டில் ஆடுவதை நிறுத்தவும் சிலர் சஸ்பென்ஷனை மாற்றுகிறார்கள். ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் டிரெய்லருக்குள் எடை வைத்த விதத்திலும், வேகத்திலும், டயர் காற்றிலும் இருக்கிறது. கனமானவை அச்சுக்கு அருகில், தாழ்வாக இருக்கட்டும். டிரெய்லரின் பின்நுனியில் எதையும் தொங்கவிட வேண்டாம். இதைச் சரிசெய்யாமல் ஸ்பிரிங்கை மாற்றுவது பணத்துக்குக் கேடு.

வாங்கும் முன்பும் மாட்டிய பின்பும்

வேலையை ஒரு அளவுநாடாவோடு தொடங்கலாம். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: வெறும் வண்டி, பயணச் சாமானோடு, டிரெய்லரோடு. டயர் காற்று கூடினாலும் குறைந்தாலும் மையத்திலிருந்து எடுத்த இந்த அளவு மாறாது. பிறகு எடை மேடைக்குப் போய், முன்அச்சு மட்டும், முழு வண்டி, டிரெய்லரோடு முன்அச்சும் பின்அச்சும் என்று தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். டிரெய்லர் மாட்டியபோது முன்அச்சு எவ்வளவு இழந்தது என்பது ஒரே கழித்தலில் தெரிந்துவிடும். இந்தத் தாளோடு கடைக்குப் போனால் பேச்சே வேறுவிதமாக இருக்கும். எடைச்சீட்டைப் பார்க்காமல் ஸ்பிரிங் எடுத்துவைக்கிற கடையைவிட, முதலில் அதைக் கேட்கிற கடை நல்லது.

மாட்டியபின் சக்கரச் சீரமைப்பும் ஹெட்லைட் மட்டமும் பார்க்க வேண்டும். ரப்பர் புஷ்கள் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் சொந்த எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போதே முடுக்க வேண்டும். தூக்கி வைத்த நிலையில் முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். பழைய வண்டிகள் சிலவற்றில் பின்அச்சுக்கும் சேஸுக்கும் இடையே ஒரு சிறிய கம்பி ஓடும். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அது ஒரு வால்வு வழியாகக் கட்டுப்படுத்துகிறது. உயரமான, கெட்டியான ஸ்பிரிங் போட்டதும் அந்த வால்வு வண்டியில் சுமையே இல்லை என்று எடுத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். அதிகச் சுமையோடு இருக்கும்போதுதான் பின்பிரேக் அதிகம் தேவை. கம்பியின் நீளத்தை மாற்றிச் சரிசெய்தார்களா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் கொஞ்சம் படியும். அப்போது அதே நான்கு இடங்களிலும் மறுபடி அளந்து, போல்ட்டுகளை இன்னொரு முறை முடுக்கிப் பார்த்து, அதன்பிறகே எடைப் பகிர்வு இணைப்பின் சங்கிலிக் கண்ணிகளை இறுதியாக அமைக்க வேண்டும்.